45 ரூபாய் ஜீப்

பி.காம். படித்தவனுக்கு எதைப் பார்த்தாலும் முதலில் தோன்றுவது அதன் தேய்மானம்தான். மாமனார் உள்பட.

ஒரு பேச்சுக்கு, 40 வருஷம் முன்னால் ஒருவர் 30,000 ரூபாய் கொடுத்து ஒரு ஜீப் வாங்கினார் என்று வையுங்கள். வருமான வரிக் கணக்கில் மோட்டார் காருக்குப் பொதுவாக 15 சதவிகிதம் தேய்மானம். முதல் வருஷம் 4,500 போச்சு. மிச்சம் 25,500. அதில் மறுபடி 15 சதவிகிதம். இப்படியே 40 தடவை கழித்துக்கொண்டு வந்தால் கடைசியில் நிற்பது 45 ரூபாய் 7 பைசா. கால்குலேட்டர் வைத்திருப்பவர்கள் தட்டிப் பார்க்கலாம். இந்த முறையில் ஒரு வேடிக்கை உண்டு. மதிப்பு குறைந்துகொண்டே போகும், பூஜ்யம் மட்டும் ஆகவே ஆகாது.

அந்த 45 ரூபாய் ஜீப்பைத்தான் உங்கள் ஆபீஸில் மூன்றாவது சீட்டில் உட்கார்ந்திருப்பவர் மத்தியானச் சாப்பாட்டு வேளையில் செல்போனில் வைத்துக்கொண்டு ஏங்கிக்கொண்டிருக்கிறார். விற்கிறவர் கேட்பது லட்சங்களில். படத்துக்குக் கீழே ஒரு வரி: 'நல்ல கண்டிஷன், கொஞ்சம் வேலை இருக்கு.'

தமிழில் 'சும்மா ஒரு கையெழுத்துதான்' என்பதற்கு அடுத்தபடி மிக ஆபத்தான வாக்கியம் இந்தக் 'கொஞ்சம் வேலை இருக்கு'தான் என்பது என் அபிப்பிராயம்.

ஆனாலும் ஏங்குகிறவரை நான் கேலி செய்யமாட்டேன். ஜீப் மேல் ஆசை வருவதற்கு நியாயமான காரணம் இருக்கிறது. வீட்டு வாசலில் நிறுத்தி, சாதாரண ஸ்பேனர் செட்டை வைத்துக்கொண்டு, ஒரு மனுஷன் முழுசாகக் கழற்றிப் பூட்டக்கூடிய கார் என்று உலகத்தில் இருந்தால் அது பழைய ஜீப்தான். காரணம், அது பிறந்த விதம்.

1940-ல் அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளுக்குக் கடிதம் போட்டது. நாலு சக்கரமும் இழுக்கிற ஒரு சின்ன வண்டி வேண்டும், 49 நாளில் மாதிரி வண்டி வந்து நிற்க வேண்டும் என்று. முழுசாகத் தைரியம் வந்தது பேன்டம் என்ற ஒரு குட்டிக் கம்பெனிக்கு. தொழில் நொடித்துப் போயிருந்த கம்பெனி. (நொடித்தவனுக்குத்தான் தைரியம் வரும்.) சொன்ன நாளில் வண்டியைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ராணுவம் என்ன செய்தது? படத்தை வாங்கி வில்லீஸுக்கும் ஃபோர்டுக்கும் கொடுத்துவிட்டது. அந்த இரண்டு பேரும் சேர்ந்து போர் முடிவதற்குள் ஆறு லட்சத்துக்கு மேல் ஜீப் செய்து தள்ளினார்கள். பேன்டத்துக்குக் கடைசியில் கிடைத்தது ஜீப்புக்குப் பின்னால் மாட்டுகிற டிரெய்லர் செய்கிற ஆர்டர்! ஆபீஸில் நீங்கள் ராத்திரி கண் விழித்துப் போட்ட ஸ்டேட்மென்ட்டை அடுத்த சீட்டுக்காரர் மானேஜரிடம் நீட்டிப் பெயர் வாங்கினால் இனிமேல் பேன்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள்.

நம் ஊர்க் கதையும் இதோடு ஒட்டியதுதான். 1945-ல் எஃகு வியாபாரத்துக்காக ஆரம்பித்த கம்பெனி மகிந்திரா அண்டு முகமது. தேசப் பிரிவினையில் கூட்டாளி குலாம் முகமது பாகிஸ்தான் போய் அங்கே முதல் நிதி மந்திரி ஆனார். 1948-ல் கம்பெனி மகிந்திரா அண்டு மகிந்திரா ஆயிற்று. பம்பாயில் வில்லீஸ் ஜீப்பைப் பூட்ட ஆரம்பித்தார்கள். பிறகு இங்கேயே செய்ய ஆரம்பித்தார்கள். பானெட் உயரமாக, கொஞ்சம் மேலே பார்த்த முகமாக நிற்குமே, ஸி.ஜே. 3பி, அதை அமெரிக்காவில் 1968-ல் நிறுத்திவிட்டார்கள். நாம் அதற்கப்புறமும் பல பத்தாண்டுகள் விடவில்லை. பானெட் உயரத்துக்குக் காரணம் அழகு இல்லை. புது என்ஜினில் உள்ளே இழுக்கிற வால்வுகள் தலைக்கு மேலே ஏறிக்கொண்டன. மூடி இடித்தது. மூடியை உயர்த்திவிட்டார்கள். அவ்வளவுதான். ஜீப்பில் எல்லாமே இப்படித்தான், கண்ணுக்கு எதிரே காரணம் தெரியும்.

அதனால்தான் ஆசை வருகிறது. வரட்டும். இப்போது துருவுக்கு வருவோம்.

துரு என்பது அழுக்கு அல்ல. இரும்பு, தண்ணீர், காற்று மூன்றும் கூடிச் செய்கிற வேலை. உப்புக் காற்றும் சேர்ந்தால் வேகம் ஜாஸ்தி. இரும்பு துருவாகும்போது முன்னை விடப் பல மடங்கு இடம் கேட்கும். அதனால்தான் பெயின்ட் கொப்பளிக்கிறது, தகடு அப்பளம் மாதிரி அடுக்கடுக்காக உரிகிறது. நீங்கள் மேலே பார்ப்பது கொப்பளம் மட்டும்தான். தண்ணீர் உள்ளே எங்கே போய் உட்கார்ந்ததோ அங்கேதான் வியாதி. போர்க்கால ஜீப்பில் தரைத் தகட்டுக்கு அடியில் பலத்துக்காகக் குழிவான பட்டைகளை வைத்து, உள்ளே மரக்கட்டையைச் செருகினார்கள். மழையில் நனைந்த கட்டை ஸ்பான்ஜ் மாதிரி ஈரத்தை வைத்துக்கொண்டு, தரையை அடியிலிருந்து தின்றது. மேலே உட்கார்ந்திருக்கிறவருக்கு ஒன்றும் தெரியாது. ஒருநாள் காலை ஊன்றினால் ரோடு தெரியும்.

சரி, என் நண்பர் விஷயத்துக்கு வருகிறேன். நண்பர் வங்கியில் வேலை. சொந்த ஊர் போடிநாயக்கனூர். அப்பா ஏலக்காய் எஸ்டேட்டில் ஜீப் டிரைவர். விடிகிறதுக்கு முன்னால் வேலைக்குப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு மலையில் 17 கொண்டை ஊசி வளைவும் ஏறி, சாயங்காலம் பத்திரமாக இறக்கிக்கொண்டு வந்து விடுவார். இதையே முப்பது வருஷம் செய்திருக்கிறார். ஓய்வு பெறும்போது எஸ்டேட்காரர்கள் அந்த ஜீப்பையே அவருக்கு மலிவாகக் கொடுத்துவிட்டார்கள். உயர்ந்த பானெட், பெட்ரோல் என்ஜின், தரையில் மூன்று கியர்க் கம்பி. ஒன்று கியருக்கு, ஒன்று நாலு சக்கரத்தையும் இழுக்க வைக்க, ஒன்று மலைக்கும் சேற்றுக்குமான குறைந்த வேகத்துக்கு. வீட்டுப் பின்புறம் புளியமரத்தடியில் பன்னிரண்டு வருஷம் நின்றது. மரம் புளியும் சருகும் போட்டது. மழை தண்ணீர் போட்டது.

இரண்டு வருஷத்துக்கு முன் நண்பருக்குத் திடீரென்று வேகம் வந்துவிட்டது. தீபாவளிக்குள் ஜீப்பைப் புதுசு மாதிரி ஆக்கி, பெண்டாட்டி, இரண்டு குழந்தைகள், அப்பா அம்மா எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போடிமெட்டு போய் டீ குடித்துவிட்டு வருவதாகத் திட்டம். டிங்கர் ஒருவரைக் கூட்டி வந்தார். டிங்கர் ஜீப்பைச் சுற்றி ஒரு தடவை நடந்தார்.

"பத்தே நாள் சார். பட்டி பார்த்து, ப்ரைமர் அடிச்சு, பச்சைக் கலர் கொடுத்துடறேன். கண்ணாடி மாதிரி இருக்கும்."

நண்பர் அட்வான்ஸுக்குப் பையில் கைவிட்டார். வராந்தாவில் உட்கார்ந்திருந்த அப்பா, "கொஞ்சம் பொறு" என்றார். வாதநோயில் கை நடுங்குகிறவர். உள்ளே போய் இரண்டு சாமான் எடுத்து வந்தார். பழைய ரேடியோ ஸ்பீக்கரிலிருந்து உருவிய காந்தம் ஒன்று, தேங்காய் உடைக்கிற சுத்தியல் ஒன்று.

காந்தத்தைப் பையன் கையில் கொடுத்து பாடி முழுக்க வைத்துப் பார்க்கச் சொன்னார். இரும்பு இருக்கிற இடத்தில் 'டப்' என்று ஒட்டியது. கதவோரத்தில் ஒட்டவில்லை, வழுக்கி விழுந்தது. அங்கே இரும்பே இல்லை. எப்போதோ யாரோ அப்பின பட்டிதான் ஜீப் வேஷம் போட்டுக்கொண்டு நின்றது.

அடுத்து சுத்தியல். "சட்டத்தைத் தட்டிக்கிட்டே வா" என்றார். ஜீப்புக்கு முதுகெலும்பு அந்தச் சட்டம்தான், சாஸி. பையன் தட்டத் தட்ட 'கணீர் கணீர்' என்று வந்தது. முன்னால், கமான் பட்டையைத் தாங்குகிற கொக்கிக்குப் பக்கத்தில் வந்தபோது 'பொத்' என்றது.

"அங்கே சுரண்டு."

சுரண்டினார்கள். பெயின்ட்டுக்குக் கீழே தார். தாருக்குக் கீழே பட்டி. பட்டிக்குக் கீழே ரிவெட்டிலிருந்து ரிவெட் வரை ஒரு விரிசல். ஓரமெல்லாம் மக்கிப் போய், ஸ்குரூ டிரைவர் முனை உள்ளே போயிற்று. முன் சக்கரம் தொங்குவதே அந்த இடத்தில்தான். பச்சைக் கலர் அடித்து, ஆறு பேரும் ஏறிக்கொண்டு, மலையில் இறங்கும்போது அது விட்டிருந்தால்... வாக்கியத்தை நான் முடிக்க வேண்டியதில்லை.

டிங்கர் நல்ல மனுஷர். "இதை நான் செய்யமாட்டேன் சார், இதுக்கு வேற ஆள் பாருங்க" என்று சொல்லி அட்வான்ஸ் வாங்காமல் போய்விட்டார். அப்பா பையனிடம் சொன்னது இதுதான்:

"ஓடறதுக்கு என்ன, தள்ளிவிட்டா கல்லுகூட ஓடும் தம்பி. நிக்கத் தெரியணும். முதல்ல பிரேக்கு, அப்புறம் சட்டம், அப்புறம் ஸ்டீரிங்கு. கலர் கடைசி."

வீட்டிலேயே பழைய ஜீப்பைச் சரிசெய்ய நினைக்கிற எல்லாருக்கும் இதற்கு மேல் பாடம் கிடையாது. ஆனால் ஊரில் பாதிப் பேர் தலைகீழாக ஆரம்பிக்கிறார்கள். முதலில் கலர், அடுத்து சீட் கவர், அப்புறம் ஒலிபெருக்கி. பிரேக்குக்கு வரும்போது பணம் தீர்ந்துவிடும்.

பிரேக்கை ஏன் முதலில் சொன்னார் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். அந்தக் கால ஜீப்பில் நாலு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் குழாய் வழி. எங்கே ஒரு சொட்டு ஒழுகினாலும் நாலும் போச்சு. இன்னொன்று, சாதாரண பிரேக் ஆயிலுக்குக் காற்றிலுள்ள ஈரத்தைக் குடிக்கிற குணம் உண்டு. நின்ற வண்டியில் அந்த ஈரம் சிலிண்டரை உள்ளுக்குள்ளேயே துருப்பிடிக்க வைக்கும். ஓடுகிற வண்டியில், இறக்கத்தில் சூடாகும்போது கொதித்து ஆவியாகும். அப்போது பெடலை மிதித்தால் பஞ்சு மூட்டையை மிதித்த மாதிரி இறங்கும். வெளியே ஒரு பொட்டுத் துரு தெரியாது. பட்டி, பெயின்ட் எதற்கும் இதில் வேலை இல்லை. சிலிண்டர், குழாய், ரப்பர், ஆயில் எல்லாம் புதுசாகப் போட வேண்டியதுதான்.

நண்பரும் அப்பாவும் ஞாயிற்றுக்கிழமை தோறும் உட்கார்ந்தார்கள். அதாவது அப்பா நாற்காலியில் உட்கார்ந்தார், நண்பர் ஜீப்புக்கு அடியில் படுத்தார். அவர்கள் செய்ததில், வீட்டில் செய்யக்கூடியவை சில:

துருவேறிய நட்டைப் பலத்தைக் காட்டித் திருகக் கூடாது, தலை முறிந்துவிடும். இளக்குகிற ஆயிலை முந்தின நாளே விட்டு ஊறவைத்து, லேசாகத் தட்டி, அரைச்சுற்று கழற்று, கால்சுற்று திரும்பப் பூட்டு, மறுபடி கழற்று. மாமியாரிடம் பேசுகிற மாதிரி.

சின்னச் சாமான்களுக்கு பிளாஸ்டிக் வாளி வைத்தியம். தண்ணீரில் சலவை சோடாவைக் கரைத்து, துருச் சாமானை பாட்டரி சார்ஜரின் மைனஸிலும், உதவாத இரும்புத் துண்டு ஒன்றை ப்ளஸிலும் மாட்டி, ஒன்றையொன்று தொடாமல் முக்கி வைத்தால் ஒரு ராத்திரியில் துரு கழன்று சேறாகிவிடும். திறந்த வெளியில் செய்ய வேண்டும், ஏனென்றால் கிளம்புவது ஹைட்ரஜன், நெருப்பு ஆகாது. சாமானைத் தொடும் முன் சார்ஜரை அணைக்க வேண்டும். இரும்புத் துண்டுக்குப் பதில் எவர்சில்வர் கரண்டியைப் போடாதீர்கள். அதிலுள்ள குரோமியம் விஷமாகத் தண்ணீரில் இறங்கும். சோடாவுக்குப் பதில் உப்பும் கூடாது, குளோரின் வரும்.

கடையில் 'துரு மாற்றி' என்று பாட்டிலில் விற்கிறார்கள். சிலவற்றில் இருப்பது பாஸ்பாரிக் அமிலம், சிலவற்றில் டானிக் அமிலம். டானிக் அமிலம் என்றால் பயப்படாதீர்கள், நம் கடுக்காயில் நிறைய இருக்கிற துவர்ப்புச் சமாசாரம்தான். கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு என்பது கலம்காரித் துணிக்குச் சாயம் போட்டவர்களுக்கு எப்போதோ தெரியும். மேலோட்டமான துருவை அது கெட்டியான கறுப்புப் பூச்சாக மாற்றிவிடும். ஆனால் ஓட்டை விழுந்த தகட்டை எந்த அமிலமும் திருப்பித் தராது. அதை வெட்டி எறிந்து புதுத் தகடு வைத்து வெல்டிங் வைக்க வேண்டியதுதான்.

வீட்டில் செய்யக் கூடாதவையும் உண்டு. சாஸி விரிசலை நண்பர் தொடவில்லை. தேனியில் லாரி சாஸி வேலை செய்கிற பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போய், மக்கினதை வெட்டி, உள்ளே பலகை வைத்துச் செய்தார்கள். இந்த ஜீப்பில் பெட்ரோல் டேங்க் இருப்பது டிரைவர் சீட்டுக்கு அடியிலேயே. வெல்டிங்குக்கு முன் அதைக் கழற்றித் தூர வைக்க வேண்டும். 'காலி டேங்க்தானே' என்பவர்களுக்கு ஒரு தகவல்: நிறைந்த டேங்கை விடக் காலி டேங்கில் ஆபத்து அதிகம். வெடிப்பது காற்றோடு கலந்த ஆவி. அதே போல, வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் படுக்கவே கூடாது. ஸ்டாண்டு வைத்துத்தான் படுக்க வேண்டும். பழைய பிரேக் கட்டைத் தூசியை ஊதக் கூடாது. அதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

சாஸியைத் தேய்க்கிற உற்சாகத்தில் நம்பரையும் சேர்த்துத் தேய்த்துவிடுகிற புண்ணியவான்கள் உண்டு. அந்த நம்பர் போனால் ஆர்.டி.ஓ. ஆபீஸைப் பொறுத்தவரை நீங்கள் திருடன், அவ்வளவுதான். ஜீப் வாங்குவதற்கு முன்னாலேயே ஆர்.சி. புத்தகத்தையும் சாஸி நம்பரையும் ஒப்பிட்டுப் பாருங்கள். காகிதத்தில் பிடித்த துருவுக்குக் கடுக்காய் கிடையாது. கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக் கூடாது என்று சுப்ரீம் கோர்ட் 2019-ல் அழுத்தமாகச் சொல்லிவிட்டது. ஆகவே ராட்சச டயர், அடுத்த வண்டியின் என்ஜின் கனவெல்லாம் அனுமதி இல்லாமல் நடக்காது. 50 வருஷம் தாண்டிய, அசல் உருவம் மாறாத வண்டிகளுக்கு 2021-ல் 'விண்டேஜ்' பதிவு என்று தனி விதி வந்தது. 20,000 ரூபாய் கட்டணம், நம்பரில் 'வி.ஏ.' என்று எழுத்து. கௌரவமாக இருக்கும், ஆனால் அதில் தினம் ஆபீஸ் போக முடியாது. கண்காட்சி, ராலி மாதிரி சமாசாரங்களுக்குத்தான்.

தீபாவளி வந்தது, போனது. அடுத்த தீபாவளியும் நெருங்கியபோது நண்பர் தன் செலவு நோட்டை என்னிடம் காட்டினார். 'நீ கணக்குப் படிச்சவன், லாபமா நஷ்டமா சொல்லு' என்று. கூட்டிப் பார்த்தேன். அந்தப் பணத்துக்கு ஒரு நல்ல செகண்ட் ஹாண்ட் கார் வந்திருக்கும், ஏ.சி.யோடு. எந்த ஆடிட்டரும் இதில் லாபம் காட்ட முடியாது.

ஆனால் நோட்டில் ஒரு குறை இருந்தது. வெல்டிங் கூலி, லேத் கூலி எல்லாம் இருக்கிறது. ஐம்பது ஞாயிற்றுக்கிழமை கூடவே உட்கார்ந்து, சத்தத்தை வைத்தே எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொன்ன பெரியவர் கூலி எங்கே? முறையான கணக்கென்றால் அதையும் எழுத வேண்டும்.

"ஐயா, உங்க கூலி எவ்வளவுன்னு போடட்டும்?" என்று கேட்டேன்.

பெரியவர் பையனைப் பார்த்தார். அவன் அடியில் படுத்துக்கொண்டு எதையோ திருகிக்கொண்டிருந்தான். இருபது வருஷமாக ஊருக்கு வந்தால் கரன்ட் பில், மாத்திரை இரண்டைத் தவிர அப்பாவிடம் வேறு பேச்சு இல்லாத பையன்.

"கடன்ல எழுதிக்கங்க தம்பி. அடுத்த ஞாயித்துக்கிழமையும் வேலை இருக்குல்ல, அப்புறம் பார்த்துக்கலாம்" என்றார்.

இப்போது அந்த ஜீப் ஓடுகிறது. அதைவிட முக்கியம், நிற்கிறது. சோதனை முடிந்து ஆர்.சி.யும் புதுப்பித்தாயிற்று. மலை ஏறி டீயும் குடித்துவிட்டு வந்தார்கள். கலர் மட்டும் இன்னும் அடிக்கவில்லை. ரெட் ஆக்சைடு ப்ரைமரோடு செங்கல் நிறத்தில் நிற்கிறது. அந்த ப்ரைமருக்கு அந்த நிறம் தருவது இரும்பு ஆக்சைடு, அதாவது துருவின் ஒன்றுவிட்ட சகோதரன். தெருவில் போகிறவர்கள் எல்லாம் நின்று அக்கறையாகக் கேட்கிறார்களாம்:

"என்ன சார், ரெண்டு வருஷமாச்சு, துரு இன்னும் போகலையா?"